கன்வெர்ட்டர் மேல் பழி போடுவதற்கு முன்

பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார். செக் என்ஜின் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார், பி 0420 என்ற பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்." என்ஜின் புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைக் குறைக்க, புகைக்குழாயில் பொருத்தியிருக்கும் பெட்டிதான் அது. பல ஆயிரம் ரூபாய்ச் செலவு இந்த ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது. முதல் தவறு இதுதான்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். சூடான என்ஜினில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் பெரிதாக ஆடாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறன் உள்ளே குறைந்துவிட்டது என்று இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவுகட்டி அந்தக் கோடைப் பதிகிறது. ஆனால் சைலன்சர் பைப் ஜாயின்ட்டில் கேஸ்கெட் லீக் ஆகி வெளிக்காற்று உள்ளே போனாலும் இதே கணக்குத் தப்பும். அதனால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மானிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) பக்கம் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா, ஜாயின்ட்டில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சென்சார் வோல்ட்டேஜைக் குளிர்ந்த வண்டியில் பார்க்காதீர்கள். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் வேலையையே தொடங்கும்.

2013 ஏப்ரலுக்கு முன்பு வந்த பல வண்டிகளில் பின் சென்சாரே கிடையாது. அவற்றில் ஸ்கேனரை நம்பிப் பிரயோஜனமில்லை.

ஏன் கெட்டது என்று கேட்காமல் புதியதைப் போடுவது அடுத்த தவறு. நானும் இதில் மாட்டியவன்தான். புது கன்வெர்ட்டர் போட்டேன், ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதே கோடு திரும்பி வந்தது. என்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் உள்ளே பூச்சாகப் படிந்து வினையூக்கியை மூடிவிடும். கூலன்ட் கசிந்து என்ஜினுக்குள் எரிந்தாலும் சேதம்தான். மிஸ்ஃபயர் இன்னும் மோசம்: சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடு மாதிரியான பீங்கானையே உருக்கிவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம்கட்டிவிடுங்கள். ஒரு பழைய ஸ்பார்க் பிளக், ஒரு இக்னிஷன் காயில், அவ்வளவில் முடிய வேண்டிய செலவு எங்கேயோ போய் நிற்கும்.

சத்தத்தையும் நாற்றத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலில் பெட்ரோல் அதிகமாகப் போகிறதா என்று பாருங்கள். அடியில் கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே உடைந்திருக்கலாம், அல்லது மேலே இருக்கும் வெப்பத் தகடு தளர்ந்திருக்கலாம். வண்டி ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புல்லிங் இல்லை, ரேஸ் கொடுத்தால் ஏற மறுக்கிறது என்றால் கன்வெர்ட்டரில் அடைப்பாக இருக்கலாம். ஃபியூயல் ஃபில்டர் அடைத்தாலும் இதே குணம்தான். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்தச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் சந்தேகம் உறுதிப்படும். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் முன்னும் பின்னும் சூடு பார்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என்ஜின் சுத்தமாக எரிந்தால் கன்வெர்ட்டருக்குள் எரிக்க மிச்சமே இருக்காது, வித்தியாசமும் தெரியாது.

டேங்கில் ஊற்றும் கிளீனர் லேசான கரியை வேண்டுமானால் குறைக்கலாம். உருகிய பீங்கானை அது என்ன செய்யும்? அப்புறம், "உள்ளே இருக்கும் பீங்கானைக் குத்தி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்" என்பார்கள். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். வெறும் குழாயை வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் புகைச் சோதனையில் தேறுவது கஷ்டம்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, காயலான் கடையில் நல்ல விலை உண்டு. விற்பதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உருகியிருந்தால் மிஸ்ஃபயர் பக்கம் போங்கள், கன்னங்கரேலென்று இருந்தால் பெட்ரோல் கலவையைச் சரிபாருங்கள், சாம்பல் படிந்திருந்தால் ஆயில் அளவுக் கம்பியை வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள். புதியதைப் பொருத்துவது அதற்கப்புறம்.