வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: நெல்லைப் பிள்ளைகள் கிளம்பும் முன் செய்யும் தவறுகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏற்புக் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொந்தக்காரர்களுக்குப் போன் போகும், பெட்டி வாங்கும் பேச்சு தொடங்கும். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். இரண்டு வருடப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு ஒரு மாதம் பிசகினாலும் சரிக்கட்ட அவகாசம் உண்டு. இங்குள்ள படிப்பின் நடுவே போய், நாலைந்து மாதத்தில் முடித்துத் திரும்பும் செமஸ்டருக்கு அது கிடையாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து போகிற பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கத் திணறுவதைவிட, இங்கே காகிதத்திலும் பணத்திலும் விட்ட ஓட்டையால் சிரமப்படுவதுதான் அதிகம். ஜெர்மனியையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாடுகளில் தொகையும் விதியும் மாறும், தவறுகள் ஏறக்குறைய இவைதான்.

"வந்ததும் பாத்துக்கலாம்"

"நீ நல்லா போயிட்டு வா தம்பி, கிரெடிட்டெல்லாம் வந்ததும் பாத்துக்கலாம்." கிரெடிட், அதாவது அங்கே படித்த பாடங்களுக்கான மதிப்பலகு, இங்கே கணக்கில் ஏறிவிடும் என்று துறைத்தலைவர் மனதாரத்தான் சொல்வார். ஆனால் அவர் சொன்ன சொல் மார்க் ஷீட்டில் ஏறாது. நீங்கள் திரும்பி வரும்போது அவரே வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம். அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கல்லூரியில் இதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார். தன்னாட்சி இல்லாத கலை அறிவியல் கல்லூரி என்றால் விஷயம் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரி என்றால் கிண்டி வரை போக வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு மட்டும் கிளம்புவது பெரிய தவறு. தேர்வுப் பிரிவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஒப்புதலில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் அடுத்த சிக்கல். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட். ஈசிடிஎஸ் என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊரில் ஒரு கிரெடிட் என்பது செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று வைக்க முடியாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் ஃபெயில். பத்துக்கு எத்தனை என்று பார்த்தே பழகிய அலுவலகத்தில் 1.7 என்ற மதிப்பெண்ணைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும்? எந்த அட்டவணைப்படி மாற்றுவது என்பதைப் போகும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எந்தப் பாடத்துக்கு ஈடாக எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது: இந்த மூன்றும் ஒரே தாளில் இருந்தால்தான் அது ஒப்புதல்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. இங்கே ஐந்தாம் செமஸ்டரில் கம்பைலர் பாடம் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது, சரி என்று எழுதிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் அது கோடைப் பருவத்தில் மட்டும் நடக்கிற பாடமாக இருக்கும், அல்லது ஜெர்மன் மொழியில் நடக்கும். எந்தப் பருவம், எந்த மொழி, முன்கூட்டி என்ன படித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய பாடக் கையேட்டிலேயே இருக்கும். அந்தப் பக்கங்களை அச்செடுத்து, நம் சிலபஸோடு யூனிட் யூனிட்டாக ஒப்பிட்டு, பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். அங்கே போனபின் முதல் சில வாரங்களில் பாடம் மாறுவது சகஜம். மாறினால் இங்கிருந்து யார், எந்த மின்னஞ்சலில் ஒப்புதல் அனுப்புவார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இங்கே ஹால் டிக்கெட் தானாக வரும் பழக்கத்தில், வகுப்பு முழுவதும் உட்கார்ந்துவிட்டுத் தேர்வுப் பதிவுக்கான தேதியைக் கோட்டை விட்டால் அந்தக் கிரெடிட் கிடையாது.

ஒரு செமஸ்டர் இங்கே இரண்டைத் தொடும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச் 31 வரை. வகுப்புகள் பிப்ரவரி வரை நடக்கும். நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் தேர்வு. அதாவது இங்கே மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, தேர்வு எழுதாமல் கிளம்புகிறீர்கள். திரும்பும்போது இரட்டைப்படை செமஸ்டரில் பாதி போயிருக்கும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்கு எங்கே போவது?

கோடைப் பருவமும் சுலபமில்லை. அங்கே வகுப்பு ஏப்ரல் மத்தியில் தொடங்கும், நமக்கு ஏப்ரல், மே தேர்வுக் காலம். எந்த செமஸ்டருக்கு ஈடாக இந்தப் பருவம் கணக்கில் வரும், மற்ற செமஸ்டரின் தேர்வை எப்போது எழுதலாம், வராத நாட்களைக் கல்லூரிப் பணியாகக் கொள்வார்களா என்று மூன்றையும் கேளுங்கள். அரியர் இருந்தால் அந்தத் தேர்வின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். கேம்பஸ் வேலைக்கான நேர்காணல்கள் இறுதியாண்டின் தொடக்கத்தில்தான் அதிகம் என்பதால், அதை நம்பி இருப்பவர்கள் இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே போய்வருவது நல்லது.

பணம் எப்போது கைக்கு வரும்?

எவ்வளவு பணம் வேண்டும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். எந்தத் தேதியில் வேண்டும் என்று போடுவதில்லை. ஜெர்மனி விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்பே பணத்தைப் போட்டு மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறத்தாழ 6 லட்சம். இந்தப் பணம் விமானம் ஏறும் நாளில் இருந்தால் போதாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இருக்க வேண்டும், அதாவது கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால்.

தாமிரபரணிப் பாசனத்தை நம்பியிருக்கும் வீடுகளில் இது நேரடியாக இடிக்கும். பிசானப் போக நெல் அறுப்பு பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரலில் தொடங்கும் பருவத்துக்குப் பணம் டிசம்பர், ஜனவரியிலேயே வேண்டும், அப்போது நெல் வயலில் நிற்கும். அக்டோபர் பருவம் என்றால் ஜூலை வாக்கில் பணம் காட்ட வேண்டும். கார் போக நெல் அறுப்பு செப்டம்பரில்தான், பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாத வருடத்தில் கார் சாகுபடியே நடக்காது. ஆகவே விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்டோபர் பருவம் தோது. பிசானப் பணத்தை மார்ச்சில் வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து, மாமா கொடுத்ததையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கில் போட்டு ஸ்டேட்மெண்ட் எடுக்கிறார்கள். வங்கி இருப்பைக் கேட்கும் நாடுகளில் சில மாத வரவு செலவையும் பார்ப்பார்கள். ஒரே நாளில் வந்த 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ரசீதும் கடிதமும் இல்லையென்றால் விசா சிக்கலாகும். நகைக்கடன் ரசீது, நெல் விற்ற சீட்டு, மாமாவின் ஒப்புதல் கடிதம், தாசில்தார் தரும் வருமானச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கல்விக் கடனை நம்புகிறவர்கள் ஆறு மாதம் முன்பே வங்கிப் படி ஏற வேண்டும். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால், 4 லட்சத்துக்கு மேல் போகும்போது செலவில் 15 சதவீதம் நம் பங்கு. அப்பா நிலப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு போவார். "இது நஞ்சைலா அண்ணாச்சி, மனையா வீடா ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்பார் அதிகாரி. கடன் கட்டாத சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, அதனால்தான் அவர்கள் தயங்குகிறார்கள். வீட்டைக் கொண்டுபோனாலும் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், சித்தப்பாமார் கையெழுத்து வேண்டும். பட்டா மாற்றுவது, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்று மாதங்கள் ஓடிவிடும். இன்னொன்று, ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு அந்தக் கிளை கடன் கொடுக்குமா என்பதையே முதலில் கேளுங்கள். உதவித்தொகையிலும் இதே கவனம் வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முழு முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான், ஒரு பருவத்துக்குக் கிடைக்காது.

"டியூஷன் ஃபீஸ் கிடையாது" என்பதைச் செலவே கிடையாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பருவந்தோறும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் செமஸ்டர் பங்களிப்புத் தொகை தனி, மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் ஏறக்குறைய 140 யூரோ, அறைக்கு முன்பணம் இரண்டு மூன்று மாத வாடகை. பிளாக்டு அக்கவுண்ட் பணமும் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் மாதாமாதம் வரும். முதல் மாதத்துக்குத் தனியாகப் பணம் வேண்டும். பகுதி நேர வேலை கிடைக்கலாம், ஆனால் புது ஊரில் முதல் இரண்டு மாதம் அதை வரவில் எழுதாதீர்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயில் கட்டவா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் டிசிஎஸ் வரி ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை கிடையாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

விசாவும் பெயரும்

ஐரோப்பாவுக்கு 90 நாளைத் தாண்டித் தங்கினால் சுற்றுலாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசா செல்லாது, அந்த நாட்டின் தேசிய விசா வேண்டும். தவறான வகையில் விண்ணப்பித்துப் பணத்தையும் ஒரு மாதத்தையும் இழக்காதீர்கள். கைரேகை கொடுக்க நேரில் சென்னை போக வேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸில் கடைசி நேரத்தில் இடம் இருக்காது.

பெயரை இன்றே பாருங்கள். இசக்கி, பேச்சி, உலகநாதன் என்று நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்தையும் நிரப்புங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டுமென்றால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு, ஏற்புக் கடிதத்துக்குக் காத்திராமல், இப்போதே போங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அங்கே பிப்ரவரியில் எழுதிய தேர்வின் மதிப்பெண் பட்டியல் வர ஏப்ரல்கூட ஆகலாம். அதுவரை உங்கள் ரிசல்ட்டை இங்கே நிறுத்தி வைக்காமலிருக்க எந்தத் தேதி வரை அவகாசம் தருவார்கள் என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, அதையும் ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து வாங்குங்கள்.