நிரல்மொழிச் சண்டையை உருப்படியாக முடிப்பது எப்படி

கோயம்புத்தூரில் ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறேன். பள்ளிக்கூடங்களுக்கான கட்டண மென்பொருள் எங்கள் வேலை. பழைய பகுதி முழுக்க ஜாவா என்ற நிரல்மொழி. கடந்த மூன்று வருடமாகப் புதிதாக எழுதுவதில் பாதி கோ (Go) மொழி. அதனால் எது நல்ல மொழி என்ற சண்டை மாதம் ஒருமுறையாவது என் மேசைக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் “சரி சரி, வேலையைப் பாருங்க” என்று அமர்த்திவிடுவேன். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அமுக்கிய சண்டை எங்கும் போகாது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும்போது நோண்டி நோண்டித் திருப்பி அனுப்புவதாக அது வேறு பக்கம் கிளம்பும். சண்டையை நடக்க விடுங்கள். ஆனால் அதற்கு ஒரு வழி போட்டுக்கொடுங்கள்.

முதல் வேலை, பேச்சை மொழியிலிருந்து இறக்கி, நடந்த சம்பவத்தின் மேல் உட்கார வைப்பது. எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன்.

பெற்றோருக்குக் கட்டண நினைவூட்டலைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம். அதில் மாணவர் பெயருக்கு 30 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தோம். ஒருநாள் காலை ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது: பெயரெல்லாம் பாதியில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறி போட்ட கட்டம் ஒன்று நிற்கிறதாம். அந்தச் சேவை கோ மொழியில் எழுதியது. எங்கள் ஜாவா சீனியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “இதுக்குத்தான் நான் அன்னைக்கே வேண்டாம்னேன்” என்றார். அதை எழுதிய தம்பி, “அண்ணா, உங்க ஜாவாவும் தமிழைச் சரியா எண்ணாது, தெரியுமா?” என்றான். அப்புறம் அரை மணி நேரம் யாரும் வேலை செய்யவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தாள் எடுத்தேன். ‘சு. கார்த்திகேயன்’ என்று எழுதி, “இதுல எத்தனை எழுத்து? ஆளுக்கு ஒரு பதில் சொல்லுங்க” என்றேன்.

கோ மொழியில் நீளம் கேட்டால் 47 என்று சொல்லும். ஜாவா 17 என்று சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 17. ஸ்விஃப்ட் மொழி 10 என்று சொல்லும். மூன்றுமே சரியான பதில்தான், ஒவ்வொன்றும் வேறு ஒரு பொருளை எண்ணுகிறது. கோ எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்னத் துண்டுகளை. எழுத்தைப் பைட்டுகளாக மாற்றும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஜாவா எண்ணுவது, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையின் குறியீட்டு அலகுகளை. ‘கா’ என்பது அதற்கு ககரமும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு. ஸ்விஃப்ட் மட்டும்தான் நாம் பள்ளியில் படித்த மாதிரி கா, ர், த், தி, கே, ய, ன் என்று எண்ணுகிறது. அதில் முதலெழுத்தின் சு, புள்ளி, இடைவெளி மூன்றையும் சேர்த்தால் 10.

இப்போது பிழை தானாக வெளியே வந்துவிட்டது. தம்பியின் நிரல் 30 எழுத்து என்று நினைத்து 30 பைட்டில் வெட்டியிருக்கிறது. ‘சு. ’ என்பதற்கு எட்டு பைட். மீதி 22-ல் ‘கார்த்த’ வரை 21 போய்விடும். கடைசி ஒரு பைட், அடுத்த இகரக் குறியின் மூன்றில் ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் கேள்விக்குறிக் கட்டமாகப் பெற்றோர் போனில் தெரிந்தது. உண்மையில் அந்தப் பெயரை வெட்டவே தேவையில்லை. தமிழ்க் குறுஞ்செய்தி 16 பிட் அலகுகளில்தான் போகிறது, ஒரு செய்திக்கு 70 அலகு. அந்தக் கணக்கில் பெயர் 17 தான்.

ஆனால் தம்பி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஜாவாவில் அலகை எண்ணி வெட்டினால் பைட் உடையாது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் கழன்று ‘ர்’ என்பது ‘ர’ ஆகிவிடலாம். கட்டம் எதுவும் தெரியாது, பெயர் மட்டும் தப்பாகிவிடும். என்னைக் கேட்டால் இது இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டார்கள்.

எனவே சண்டை வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: குறை மொழியில் இருக்கிறதா, நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் நூலகத்திலா, ஓடும் கணினியிலா, இல்லை நாம் கேட்ட கேள்வியிலா? 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேலி செய்பவர்கள் நிறையப் பேர். பைத்தானிலும் ஜாவாவிலும் போட்டுப் பாருங்கள், அதேதான் வரும். அது இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்களின், அதாவது கணினி தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் முறையின் இயல்பு.

அடுத்து, ஒரு மொழி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அதன் பிறந்த கதையைக் கொஞ்சம் தேடிப் படியுங்கள். கோபம் பாதி இறங்கிவிடும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995-ல் வெளிவந்தவை. உலகத்து எழுத்தெல்லாம் 65,536 குறியீட்டுக்குள், அதாவது 16 பிட்டுக்குள், அடங்கிவிடும் என்று யூனிகோட் நம்பிய காலத்தில் உருவானவை. 16 பிட் அலகு அங்கிருந்து வந்தது. கோ மொழியை உருவாக்கிய மூவரில் ராப் பைக்கும் கென் தாம்ஸனும் 1992-ல் யு.டி.எஃப்-8-ஐயே வடிவமைத்தவர்கள். அவர்கள் மொழியில் சரம் (நிரலில் வரும் எழுத்துத் தொடர்) என்றால் பைட்டுகளின் வரிசை என்று இருப்பதில் என்ன ஆச்சரியம்? இதைச் சொன்னபோது எங்கள் சீனியர் முதல்முறையாக, “ஓ, அப்படியா” என்றார்.

பிறகு வருடத்தைக் கேளுங்கள். “இந்த மொழியில நீங்க கடைசியா எந்த வெர்ஷன்ல எழுதினீங்க?” பல சண்டைகள் இந்த ஒரு கேள்வியில் முடிந்திருக்கின்றன. பி.எச்.பி. மொழி மெதுவானது என்பவர் 2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பு வருவதற்கு முன் தொட்டவராக இருப்பார். கோ மொழியில் ஜெனரிக்ஸ் (ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் எழுதும் வசதி) இல்லை என்பவர் 2022 மார்ச்சுக்கு முன் விட்டவர். ஜாவாவில் ஆயிரக்கணக்கான த்ரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை இழை) ஓட்ட முடியாது என்பவருக்கு 2023-ல் 21-ஆம் பதிப்போடு வந்த, எடை குறைந்த விர்ச்சுவல் த்ரெட் தெரிந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சண்டை நீடித்தால், அது நிஜமான சண்டை. அதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே சின்ன வேலையை இரு தரப்பும் தங்கள் மொழியில் எழுதட்டும். சின்ன வேலை என்றால் பயிற்சிக் கணக்கு அல்ல, உங்கள் நிஜ வேலையின் ஒரு துண்டு. நாங்கள் எடுத்தது, வங்கியிலிருந்து வரும் கட்டணக் கோப்பைப் படித்து, மாணவர் கணக்கோடு பொருத்தி, பொருந்தாதவற்றைத் தனியே பிரிக்கும் வேலை. கோப்பில் வேண்டுமென்றே பாதி வரி விட்டுப்போன பதிவுகளையும், ஒரே ரசீது எண் இரண்டு முறை வருவதையும் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாம் சரியாக நடக்கும்போது எந்த மொழியும் அழகாகத்தான் இருக்கும். தப்பான வரி வரும்போது எந்த இடத்தில், எந்தச் செய்தியோடு நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

எழுதி முடித்ததும் வேகத்தையும், எடுத்துக்கொள்ளும் நினைவகத்தையும் அளந்து பாருங்கள். அதோடு நிறுத்தாமல், இரண்டையும் எழுதாத மூன்றாவது ஆளிடம் கொடுத்து ஒரு பிழையைத் திருத்தச் சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு போன் எடுக்கப்போகிறவர் பெரும்பாலும் எழுதியவராக இருக்க மாட்டார். எங்கள் சோதனையில் ஜாவா எழுந்து நிற்கவே பல நொடி எடுத்தது, கோ உடனே ஓடியது. ஆனால் இது இரவில் ஒருமுறை ஓடும் வேலை. அந்த நொடிகளுக்கு மதிப்பே இல்லை. ரசீது கணக்கிடும் விதிகள் எல்லாம் ஏற்கெனவே ஜாவாவில் இருந்ததுதான் எடை போட்டது. அந்த வேலையை ஜாவாவிலேயே விட்டோம்.

மொழி உண்மையிலேயே காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம், யார் எந்தச் செய்தி வரை படித்திருக்கிறார் என்று குறித்துவைக்கும் சேவையை கோ-விலிருந்து ரஸ்ட் என்ற மொழிக்கு மாற்றிய கதையை 2020-ல் எழுதியது. கோ-வின் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பகுதி) இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது கட்டாயம் ஓடும். அவர்களின் பெரிய தற்காலிக சேமிப்பை அது முழுக்க அலசும்போதெல்லாம் தாமதம் குதித்தது. வரைபடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கூர்முனை. வாதம் என்றால் எனக்கு இப்படித்தான் வேண்டும்: எந்தச் சேவை, எத்தனை நிமிடம், என்ன காரணம்.

ஆனால் இவை எதுவுமே வேலை செய்யாத நேரமும் வரும். எண்ணைக் காட்டினாலும் எதிரில் இருப்பவர் இறங்கி வர மாட்டார். அப்போது கணினியை மூடிவிட்டு அந்த ஆளோடு தனியாக ஒரு டீ குடியுங்கள். நான் 2004-ல் வேலைக்குச் சேர்ந்தது விஷுவல் பேசிக் 6 என்ற மைக்ரோசாஃப்ட் மொழியில். அதன் இடத்துக்கு டாட் நெட் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எங்கள் அலுவலகத்துக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைகளுக்கெல்லாம் நேற்றுச் சேர்ந்த பையனிடம் போய் நின்று கேட்டேன். 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் 6-ல் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை நிறுத்தியபோது, ஒரு சாவு வீட்டுச் செய்தி போலத்தான் அது எனக்கு இருந்தது. எங்கள் சீனியர் ஜாவாவுக்காகக் கத்தும்போது, அவருடைய பதினாறு வருடமும் வீட்டுக் கடனும் சேர்ந்துதான் கத்துகின்றன. “இது மாறினா உங்களுக்கு என்ன ஆகும்ணா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

வெற்றி பெற்றவருக்கும் காயம் படும். பைத்தானில் கோலனும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறியீட்டைச் சேர்ப்பது பற்றி 2018-ல் கடுமையான வாதம் நடந்தது. அதை ஏற்றுக்கொண்டு முடிவு சொன்னவர் அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம். அந்த ஜூலையிலேயே அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் குழு முடிவெடுக்கிறது. அதனால் எங்கள் குழுவிலும் முடிவை ஒருவர் தலையில் கட்டுவதில்லை. ஒரு பக்கத்தில் எழுதி வைக்கிறோம்: என்ன வேலை, எந்த மொழி, என்ன அளந்தோம், யார் யார் இருந்தோம், என்ன நடந்தால் மறுபடி பேசுவோம், தேதி.

குறுஞ்செய்திச் சேவை கோ-விலேயே தொடர்கிறது. பைட், அலகு, எழுத்து என்று மூன்று எண்ணிக்கைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம், ஜாவா பக்கமும் அதே பெயர்கள். அதற்கான சோதனையை கோ மொழியில் எழுதித் தருகிறேன் என்று எங்கள் சீனியரே கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அந்த மொழியின் தொடரியலை (எழுதும் விதிகளை) சொல்லிக்கொடுத்தான். கோப்பின் முதல் சோதனை ‘சு. கார்த்திகேயன்’. எதிர்பார்க்கும் விடை 47, 17, 10.