பத்து வருஷக் கார் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். புது காரின் விலை முதல் சில வருஷங்களில்தான் வேகமாக இறங்கும். அந்த நஷ்டம் ஏற்கெனவே வேறொருவர் தலையில் விழுந்துவிட்டது. ஆல்டோ, வேகன் ஆர், பழைய சான்ட்ரோ மாதிரி வண்டி என்றால் உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். அபூர்வ மாடல் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது, "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, ஆறியே இருக்கட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல நோயை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, விடைபெற்றுக்கொள்ளலாம். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கறை பெரும்பாலும் அங்கேதான் மிச்சமிருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கித் துருவையும் பாருங்கள். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் நம்புவதே இல்லை. பெடல் ரப்பரின் தேய்மானம் அதைவிட நேர்மையானது.

அப்புறம் காகிதம். சொந்தக் காருக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்றிதழ், 15 வருஷம்தான் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 14 வருஷ வண்டிக்கு விலை பேசும்போது அந்தச் செலவைக் கழித்தே பேசுங்கள். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணம் தராதீர்கள்.