கிராமத்துச் சிறுவர் படம்: எங்கே சறுக்குகிறது?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடக்கும் சிறுவர் நகைச்சுவைப் படம் என்றால், பலர் முதலில் பஞ்ச் வசனம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்பது வயதுப் பையன் காதலையும் கடனையும் பற்றிப் பெரிய மனுஷன் மாதிரி பேசுவான். டிரெய்லரில் விசில் பறக்கும். முழுப் படத்துக்குத் தாங்காது. பேசுவது பையன் இல்லை, வசனம் எழுதியவர் என்று பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

சிறுவர்களுக்குத் தங்கள் விவகாரம் எதுவுமே காமெடி கிடையாது. அவர்கள் எவ்வளவு சீரியஸாக இருக்கிறார்களோ, நமக்கு அவ்வளவு சிரிப்பு. டயர் ஓட்டும் பந்தயத்தில் தோற்றவன், ஜெயித்தவனின் பையைச் சுமந்து வருகிறான் என்று வையுங்கள். வழியில் அப்பா மறிக்கிறார்: "யார் பைடா இது?" பந்தயம் கட்டியதைச் சொன்னால் அடி விழும். "சாரோட பைப்பா" என்கிறான். அப்பா உடனே பயபக்தியோடு பையை வாங்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கே நடக்க ஆரம்பிக்கிறார். ஒரு ஜோக்கும் இல்லை, ஆனால் அடுத்த இருபது நிமிடத்துக்குக் கதை கிடைத்துவிட்டது.

அந்த அப்பா முட்டாள் இல்லை என்பதையும் கவனியுங்கள். பெரியவர்களை எல்லாம் கோமாளிகளாக்கினால் குடும்பப் படம் என்ற பெயர் ஒட்டாது. 2009-இல் வந்த பாண்டிராஜின் 'பசங்க' படத்தில் பள்ளிக்கூடச் சண்டைக்குப் பக்கத்திலேயே வீட்டுச் சண்டையும் ஓடும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

ஊரைக் காலண்டர் படமாக்குவது இன்னொரு தவறு. மே மாத நுங்கையும் கிணற்றுக் குளியலையும் காட்டிவிட்டு, மறுநாள் காலை பிரேயர் மணி அடித்தால் ஊர்க்காரர் சிரிப்பார், நீங்கள் நினைத்த இடத்தில் அல்ல. அண்ணன் நெல்லை 'ஏலே'யும் தங்கை கொங்கு 'ஏனுங்'கும் பேசும் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசி ரீலில் நாய்க்குட்டியைச் சாகடித்து அழ வைப்பதும் அதே ரகம்தான்.

அப்புறம் சட்டம். பெரியவர்களுக்குப் போடும் கால்ஷீட்டையே பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தை நட்சத்திரம் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்புக்கு முன்பே மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். ஆட்டுக்குட்டியை நடிக்க வைப்பதற்கும் விலங்குகள் நல வாரிய அனுமதி தேவை. இதையெல்லாம் பார்க்காமல் போட்ட பட்ஜெட் பாதியில் படுத்துவிடும்.

ஷெட்யூலை இழுப்பதுதான் பலரும் யோசிக்காத ஆபத்து. ஆறேழு வயதில் முன்பல் விழும். ஆறு மாத இடைவெளி விட்டால், வாசலில் முழுப் பல்லோடு நின்ற பையன் அடுத்த ஷாட்டில் வீட்டுக்குள் பொக்கை வாயோடு நுழைவான். பன்னிரண்டு, பதின்மூன்றில் குரல் உடைய ஆரம்பிக்கும். அந்த வயதுப் பையன்கள் இருந்தால் ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் எடிட்டிங் முடியும்வரை காத்திருக்காமல் அவர்களுடைய டப்பிங்கை முதலில் முடியுங்கள்.