சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை: பழங்கதையை வைத்து ஸ்லாஷர் (தொடர் கொலைத் திகில் படம்) எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1692, இரவு. கம்பத்தில் கட்டப்பட்ட பெண், காலடியில் தீ. எரிந்துகொண்டே ஊரைச் சபிக்கிறாள். முந்நூறு வருடம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்தை வைத்துக் கதை எழுத உட்காரும் பலருக்கும் முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான்.

சூனியம் செய்ததாகப் பலர் மேல் வழக்கு நடந்த அந்த சேலத்தில் ஒருவரைக்கூட எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், சிலர் சிறையிலேயே இறந்தார்கள். கைல்ஸ் கோரி என்ற 80 வயதை ஒட்டிய விவசாயி விசாரணைக்கு உட்பட மறுத்தார். அவரைப் பணிய வைக்க, கிடத்தி, மேலே பலகை போட்டு, கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கடைசிவரை அவர் பணியவில்லை.

இதைப் படமாக்க என்ன வேண்டும்? ஒரு பலகை, தெர்மாகோல் கற்கள், அப்புறம் நடிகரின் மூச்சுச் சத்தம். ஒரு கல் ஏறும்போது மூச்சு எப்படிச் சுருங்குகிறது என்பதை நெருக்கமாகக் காட்டினாலே தியேட்டர் உறைந்துவிடும். தீக்காட்சிக்கோ ஸ்டண்ட் ஆள், தீயணைப்பு ஏற்பாடு, அனுமதி என்று பட்ஜெட்டில் பாதி போய்விடும். வரலாற்றைப் படிக்காமல் விட்டால் கூடுதலாகச் செலவழித்துக் குறைவாகத்தான் பயமுறுத்த முடியும்.

அடுத்த தவறு, பழைய காலத்தையே கட்டி எழுப்ப நினைப்பது. ஸ்காட்லாந்தில் சானி பீன் என்றொரு கதை உண்டு. குகையில் வாழ்ந்து, வழிப்போக்கர்களைக் கொன்று தின்ற குடும்பம். 18-ஆம் நூற்றாண்டு மலிவுப் பதிப்புகளில் பரவிய கதை, நடந்ததற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. திகில் பட இயக்குநர் வெஸ் கிரேவன் 1977-இல் 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' எடுத்தபோது அந்தப் பழைய காலத்தை விட்டுவிட்டார். வழியில் மாட்டிக்கொண்ட குடும்பம், அவர்களை வேட்டையாடும் இன்னொரு குடும்பம் என்ற கருவை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பாலைவனத்தில் வைத்தார். ஒரு காரும் அது இழுத்துவரும் டிரெய்லரும் வெயிலும் போதுமாக இருந்தது.

கதையைப் பின்னணிக் குரலில் ஐந்து நிமிடம் சொல்லாதீர்கள். நியூயார்க் பக்கத்துக் கோடை முகாம்களில் 'கிராப்சி' என்ற கொலைகாரனைப் பற்றி இரவில் தீ மூட்டிச் சொல்வது வழக்கம். 1981-இல் வந்த 'தி பர்னிங்' அந்த வழக்கத்தையே காட்சியாக்கியது. பிள்ளைகளோடு நாமும் உட்கார்ந்து கேட்கிறோம். அதே படத்தின் மிகக் கொடூரமான கொலைகள் பட்டப்பகலில், தண்ணீர் நடுவே, தெப்பத்தில் நடக்கின்றன. எல்லாவற்றையும் இருட்டில் எடுத்து, கடைசியில் முகமே தெரியாமல் போகும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வெயில்தான் ஞாபகம் வரும்.

கடைசியாக ஒன்று, என் மனதை உறுத்துவது. அமெரிக்காவின் டெக்சார்கானா என்ற ஊரில் 1946-இல் ஒரு கொலையாளி ஐந்து பேரைக் கொன்றான். இறந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு 15 வயது, சாக்ஸபோன் வாசிப்பவள். அதை வைத்து 30 வருடம் கழித்து வந்த படம், பெயர்களைத் தவிர எல்லாம் உண்மை என்ற அறிவிப்போடு தொடங்கியது. அதில் கொலைகாரன் டிராம்போன் என்ற ஊதுகருவியின் முனையில் கத்தியைக் கட்டி, வாசித்துக்கொண்டே ஒரு பெண்ணைக் குத்துகிறான். அப்படி எதுவும் நடக்கவில்லை. கற்பனையைச் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் சேர்த்துவிட்டு 'உண்மைக் கதை' என்று போடாதீர்கள்; இறந்த பிள்ளையின் வீட்டார் அதே ஊர் தியேட்டரில் அதைப் பார்க்க நேரலாம்.