தைராய்டு ஊசிப் பரிசோதனை: இரண்டு பேதாலஜிஸ்டுகள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? கணக்கிடும் முறை

தொண்டியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கழுத்துக் கட்டியோடு ஒரு பெண் வருகிறார். எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை) எடுக்கிறோம். ஒரே ஸ்லைடை ஒரு பேதாலஜிஸ்ட் (செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்) பெதஸ்டா 2 என்கிறார், இன்னொருவர் 3 என்கிறார். பெதஸ்டா என்பது தைராய்டு ஊசி முடிவுகளை ஆறாகப் பிரிக்கும் வகைப்பாடு. 2 என்றால் ஸ்கேன் பார்த்துக் கண்காணித்தால் போதும். 3 என்றால் மறுபடி ஊசி. சில சமயம் மதுரைக்குப் போய் ஆபரேஷன் வரை நீளும். அதனால் ஒவ்வொரு லேபும் இந்தக் கணக்கை அவ்வப்போது போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆறு வகைகள் இவை: 1 மாதிரி போதவில்லை, 2 சாதாரணக் கட்டி, 3 உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம், 4 ஃபாலிகுலர் கட்டி, 5 புற்றுநோய்ச் சந்தேகம், 6 புற்றுநோய். பெதஸ்டாவின் 2023 பதிப்பை மட்டும் பின்பற்றுங்கள்.

படி 1. பழைய ஸ்லைடுகளின் லேப் நம்பரை மறைத்து, புது எண் ஒட்டிக் கலைத்து அடுக்குங்கள். வயது, ஸ்கேன் விவரம் கொடுத்தால் இருவருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் இருவருக்குமே வேண்டாம்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருப்பதால், எம்ஜிஜி சாயத்துக்கான (காற்றில் உலர்த்தும்) ஸ்லைடு சீக்கிரம் காயாது, செல்கள் சுருங்கிவிடும். பாப் சாயத்துக்கான ஸ்லைடோ நேர்மாறு: உடனே ஆல்கஹாலில் போடாவிட்டால் காய்ந்துபோய், நியூக்ளியஸ் (செல்லின் உட்கரு) உப்பி வெளிறித் தெரியும். இப்படிப்பட்டவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். அங்கே முரண்பாடு வந்தால் முதலில் ஸ்லைடு தயாரிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 2. இருவரும் தனித்தனியாகப் படிக்கட்டும். போதுமான மாதிரி என்றால், தெளிவாகத் தெரியும் ஃபாலிகுலர் செல்கள் (தைராய்டு சுரப்பியின் முக்கியச் செல்கள்) குறைந்தது 10 கொண்ட கொத்துகள் குறைந்தது 6 இருக்க வேண்டும். இதற்கான விதிவிலக்குகளை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

படி 3. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘90 சதவீதம் ஒத்துப்போனோம்’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். மொத்தம் 100 ஸ்லைடு. இருவருமே 90-ஐ ‘2’ என்றும், 10-ஐ ‘மற்றவை’ என்றும் சொல்கிறார்கள். 85 ஸ்லைடில் இருவரும் ‘2’, 5 ஸ்லைடில் இருவரும் ‘மற்றவை’. ஒற்றுமை 0.90.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும்? 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82. இதைக் கழித்துப் பார்ப்பதுதான் 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா என்ற ஒற்றுமை அளவு: (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. கப்பாவைத் தரம்பிரிக்கும் லேண்டிஸ்–கோக் அளவுகோலில் இது வெறும் ‘மிதமானது’. சாதாரணக் கட்டிகளே அதிகம் வரும் லேபில் சதவீதம் இப்படித்தான் ஏமாற்றும். கப்பாவோடு, யார் எத்தனை ஸ்லைடை எந்த வகை என்றார்கள் என்ற முழு அட்டவணையையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

படி 4. 2-க்கும் 3-க்கும் உள்ள முரண்பாடும், 2-க்கும் 6-க்கும் உள்ளதும் ஒன்றல்ல. அதற்குத்தான் பெரிய முரண்பாட்டுக்கு அதிக எடை கொடுக்கும் எடையிட்ட கப்பா. ஆனால் அதில் வகை 1-ஐச் சேர்க்காதீர்கள். 2023 பதிப்பின்படி புற்றுநோய்க்கான சராசரி வாய்ப்பு வகை 1-க்கு 13 சதவீதம், 2-க்கு 4, 3-க்கு 22, 4-க்கு 30, 5-க்கு 74, 6-க்கு 97. 1 என்பது வரிசையின் முதல் படியே அல்ல. மாதிரி போதவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். ‘போதும், போதாது’ என்பதற்குத் தனிக் கப்பா போடுங்கள்.

மென்பொருள்? முதல் தடவை லிப்ரேஆபீஸ் கால்க் விரிதாளில் கையாலேயே போடுங்கள், அப்போதுதான் கணக்கு மனதில் நிற்கும். அப்புறம் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளுக்குப் போகலாம்.

பின்சேர்க்கை: மூன்று பேர் படித்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கோஹன் கப்பா இருவருக்கு மட்டும்தான். மூவருக்கு ஃப்ளைஸ் கப்பா (1971) போடுங்கள். வகைவாரியாகவும் எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் 3-இல்தான் எண் சரியும். அந்த ஸ்லைடுகளை மூவரும் ஒரே மைக்ராஸ்கோப்பில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.