மெல்பேர்ன் சமூகத் தொலைக்காட்சியில் தன்னார்வப் பணி: புதிதாக வந்தவர்களுக்கு

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் வேலை தேடும் எவரும் கேட்டுச் சலித்துப்போகும் கேள்வி, "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பது. சென்னையிலோ கொழும்பிலோ பத்து வருடம் வேலை பார்த்திருப்பீர்கள். ஆனால் இங்கே ரெஸ்யூமேயின் கடைசியில் இரண்டு ரெஃபரிகளின் (உங்கள் வேலையைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர்களின்) பெயரும் தொலைபேசி எண்ணும் போட வேண்டும். வேலை கொடுப்பவர் அவர்களை உண்மையாகவே கூப்பிட்டுப் பேசுவார். ஊரில் இருக்கும் பழைய மேலாளரை, நேர வித்தியாசத்தையும் தாண்டி, அழைத்துப் பேச இங்கே பலருக்குப் பொறுமை இருப்பதில்லை.

லாப நோக்கமில்லாமல், பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்து நடக்கும் சமூகத் தொலைக்காட்சி இந்த இடைவெளியை நிரப்ப நல்ல வழி. திரையில் முகம் காட்டுவதற்காகப் போகாதீர்கள். ஆறு மாதம் சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன வேலையை முடித்தார் என்று உங்களைப் பற்றிப் பேசக்கூடிய ஒருவரைச் சம்பாதிப்பதற்காகப் போங்கள். கேமரா படித்தவர்களுக்கு மட்டும் இல்லை, கணக்காளருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

மெல்பேர்னில் சேனல் 31 இருக்கிறது, 1994இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடிலெய்டில் சேனல் 44. சிட்னி, பிரிஸ்பேன், பெர்த் நகரங்களிலும் முன்பு இப்படி நிலையங்கள் இருந்தன. இன்று ஆன்டெனாவில் எஞ்சியிருப்பவை இந்த இரண்டும்தான். இந்த நிலையங்களை அலைவரிசையிலிருந்து இணையத்துக்கு மாற்றப்போவதாக 2014இல் மத்திய அரசு அறிவித்தது. அதன்பின் உரிமம் பலமுறை நீட்டிக்கப்பட்டு நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் கொஞ்சம் பேர்தான், எனவே உங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு வாரம் பதில் வராமல் போகலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைக்காதீர்கள், இன்னொரு முறை எழுதுங்கள். நகைச்சுவையாளர் ரோவ் மக்மேனஸ், ஹேமிஷ் பிளேக், தொகுப்பாளர் வலீத் அலி, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த நசீம் ஹுசைன் ஆகியோர் பெரிய சேனல்களுக்குப் போகும் முன் மெல்பேர்ன் சமூகத் தொலைக்காட்சியில் வேலை பழகியவர்கள்.

எங்கே கதவைத் தட்டுவது

பலர் நிலையத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனால் சேனல் 31இல் வரும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை நிலையம் தயாரிப்பதில்லை. சிறு குழுக்கள், மொழிச் சமூகங்கள், மாணவர் அமைப்புகள் தாங்களே தயாரித்துக் கொண்டுவந்து கொடுக்கின்றன. ஆள் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து சேனலைப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது நிறுத்திப் படித்து, தயாரிப்புக் குழுவின் பெயர், தயாரிப்பாளர், ஃப்ளோர் மேனேஜர் (ஸ்டூடியோ தளத்தில் நின்று எல்லோரையும் நடத்துபவர்) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து குழுக்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதுங்கள். ஆர்.எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் இயங்கும் மாணவர் தொலைக்காட்சிக் குழுவான ஆர்.எம்.ஐ.டி.வி 1987 முதல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது, அங்கேயும் கேளுங்கள்.

மின்னஞ்சல் ஆறேழு வரி போதும். "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதினால் உங்களை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த நிகழ்ச்சியைப் பார்த்தீர்கள், என்ன பொறுப்புக்கு வர விரும்புகிறீர்கள், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணி நேரம் வர முடியும், எத்தனை மாதம் தொடர்ந்து வருவீர்கள், கார் இருக்கிறதா என்பதை எழுதுங்கள். "செவ்வாய் மாலையும் சனிக்கிழமையும், ஆறு மாதம்" என்ற வரி பட்டங்களைவிட அதிகம் பேசும். "சார்", "மேடம்" வேண்டாம். இங்கே இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதலில் நாக்கு கூசும், பழகிவிடும்.

கேமரா வேண்டாம் என்பவர்களுக்கும் இடம் உண்டு. சமூகத் தொலைக்காட்சியில் விளம்பரம் போடக் கூடாது. ஸ்பான்சர் அறிவிப்பு மட்டும், அதுவும் மணிக்கு 7 நிமிடத்துக்குள், இவர் நிகழ்ச்சிக்கு ஆதரவு தருகிறார் என்று தெரியும்படி போட வேண்டும். ஒளிபரப்பு நேரத்துக்குக் குழுவே பணம் கட்ட வேண்டியிருப்பதால், கடை கடையாகப் போய் ஸ்பான்சர் பிடிப்பவரும், அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதி ரசீது கொடுப்பவரும் எல்லாக் குழுவிலும் தேடப்படும் ஆட்கள். கணக்கியல் படித்தவர் ஒருவர் ஒரு சீசனுக்கு பட்ஜெட் போட்டு முடித்தால், அது ரெஸ்யூமேயில் உள்ளூர் அனுபவமாகவே நிற்கும். வசன வரிகள் எழுதுவது, விருந்தினரை அழைத்து நேரம் ஒதுக்குவது, சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அப்படித்தான்.

விசா: இதை முதலில் பாருங்கள்

உங்கள் விசாவில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை வீவோ (VEVO) என்ற அரசின் விசா சரிபார்ப்பு இணையதளத்தில் பாருங்கள். வேலை செய்யக் கூடாது என்ற 8101 நிபந்தனை பிரிட்ஜிங் விசாவில் (அடுத்த விசா முடிவாகும்வரை தரும் தற்காலிக விசாவில்) இருக்கும் பலருக்கு உண்டு. மாணவர் விசாவில் 8105, படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலைதான். உண்மையான தன்னார்வப் பணி இந்தக் கணக்கில் சேராது. ஆனால் "உண்மையான" என்பதற்கு அளவுகோல் இருக்கிறது: லாப நோக்கமில்லாத அமைப்பாக இருக்க வேண்டும், பலன் பெரும்பாலும் சமூகத்துக்குப் போக வேண்டும், இங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையாக இருக்கக் கூடாது, பணமாகவோ வேறு வகையிலோ ஊதியம் வாங்கக் கூடாது.

ஆபத்து எங்கே என்றால், சில குழுக்கள் சமூகத் தொலைக்காட்சிக்கும் நிகழ்ச்சி செய்யும், திருமண வீடியோவும் எடுக்கும். சனிக்கிழமை ஸ்டூடியோவில் தன்னார்வலராக நின்றவரை ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, "கையில் ஐம்பது டாலர் தருகிறேன்" என்பார்கள். அது வேலை. 8101 இருப்பவர் அதைத் தொடவே கூடாது. 8105 இருப்பவருக்கு அந்த மணி நேரங்கள் 48இல் கழியும், சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமும் அவருக்கு உண்டு. கொடுக்காவிட்டால் வேலைச் சட்டப் புகார்களைக் கவனிக்கும் அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மனை 13 13 94இல் அழையுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் முதலில் 131 450 அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற குடிவரவு முகவரிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கோவிலில் பார்த்த நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

குழந்தைகள் வரும் நிகழ்ச்சி என்றால் மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் (குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியானவர் என்ற அரசுச் சான்று) கேட்பார்கள். தன்னார்வலருக்கு இது இலவசம், 5 வருடம் செல்லும். பிறகு சம்பள வேலை கிடைத்தால் இதையே காட்ட முடியாது, கட்டணம் கட்டி ஊழியர் வகைக்கு மாற்ற வேண்டும். சேரும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: தன்னார்வலருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா? விளக்கு ஸ்டாண்ட் காலில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்விதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஸ்டூடியோவில்

முன்பக்கம் மூடிய காலணி, சத்தம் எழுப்பாத கறுப்பு உடை. அழைப்பு நேரம் மாலை 5 என்றால் 5 மணிக்கு வேலைக்குத் தயாராக நிற்க வேண்டும், கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மூன்று கேமரா நிகழ்ச்சியில் ஒருவர் வராவிட்டால் அது இரண்டு கேமரா நிகழ்ச்சியாகிவிடும். சொல்லாமல் நின்றவரை மறுபடி கூப்பிடவே மாட்டார்கள்.

முதல் நாள் கையில் கொடுப்பது பெரும்பாலும் கேபிள்தான். இதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நாம் கயிறு சுற்றுவதுபோல முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மைக் கேபிளைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் கம்பி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்கிறது. சில மாதத்தில் உள் கம்பி அறுந்து, நிகழ்ச்சி நடுவே கரகரவென்று சத்தம் வரும். சரியான முறை: இடது கையில் நுனியைப் பிடித்து, முதல் வளையத்தைச் சாதாரணமாக வையுங்கள். அடுத்த வளையத்துக்கு வலது கையைப் புறம் திருப்பிக் கேபிளைப் பிடித்து, வளையம் உள்பக்கமாக மடியும்படி வையுங்கள். ஒன்று நேர், ஒன்று எதிர் என்று மாறி மாறி வரும்போது முறுக்கு கழிந்துவிடும். சரியாகச் சுற்றிய கேபிளின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மீதியை எறிந்தால் சிக்காமல் நேராக ஓடும். வீட்டில் ஒரு பத்து மீட்டர் கேபிளை வைத்து அரை மணி நேரம் பழகுங்கள். இது தெரிந்த புதியவரைப் பார்த்ததும் ஒலிப் பொறுப்பாளர் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

அடுத்தது ஹெட்செட். இயக்குநர் பேசுவதைக் கேட்பதற்குத்தான் அது, அரட்டைக்கு இல்லை. கேமராவில் நிற்பவர் "புரிந்தது" என்று சொல்லக் கேமராவையே மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காட்டுவது வழக்கம், ஆனால் கேமராவின் சிவப்பு விளக்கு எரியாதபோது மட்டும். எரிந்தால் உங்கள் படம்தான் ஓடுகிறது. ஃப்ளோர் மேனேஜர் ஐந்து, நான்கு, மூன்று வரை வாயால் சொல்லி, இரண்டையும் ஒன்றையும் விரலால் மட்டும் காட்டுவார். மைக் திறந்திருக்கும் என்பதால்தான் அந்த மௌனம்.

தமிழ் நிகழ்ச்சிகளில் அடிக்கடி கோட்டை விடுவது லேப்பல் மைக்கில், அதாவது உடையில் குத்தும் சின்ன மைக்கில். பட்டுச் சேலை மடிப்பில் மைக்கைக் குத்தினால் அசையும்போதெல்லாம் சரசரப்பு, தாலிக்கொடியும் அட்டிகையும் மைக்கில் மோதினால் டிக் டிக் என்ற ஒலி. முந்தானை விழாத பக்கம், ரவிக்கையின் விளிம்பில், நகை தொடாத உயரத்தில் மைக்கை வையுங்கள். தூக்கிச் செருக பெல்ட் இல்லாததால் மைக்கின் ஒலியை அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்மிட்டரைப் பின்பக்கம் பாவாடை நாடாவில் மாட்டச் சொல்ல வேண்டும். இதை விருந்தினரே செய்துகொள்ளட்டும், அல்லது ஒரு பெண் உதவட்டும். தொடுவதற்கு முன் கேளுங்கள். பேட்டரியை ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகப் போடுங்கள். பின்னால் பச்சைத் திரை இருந்தால் விருந்தினரிடம் முதல் நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளிப்பச்சைச் சேலையில் வந்து நிற்பவரின் உடல் மறைந்து தலை மட்டும் மிதக்கும்.

வெளியே போய் போனில் எடுத்தால், போன் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேமில் (படச் சட்டகத்தில்) இருக்கும். இங்கே தொலைக்காட்சிக்கு 25. எடுக்கும் முன் மாற்றுங்கள், பிறகு மாற்றினால் அசைவு வெட்டி வெட்டி வரும். ஷட்டரை 1/50 வைத்தால் 50 ஹெர்ட்ஸ் விளக்குகளின் கீழ் படம் சிமிட்டாது. ஒலி அளவு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகள் பின்பற்றும் மைனஸ் 24 எல்.கே.எஃப்.எஸ் (LKFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). இரவு 11 மணிக்கு அனுப்பிய கோப்பு காலையில் திரும்பி வருவதற்கு ஒலி அளவும் ஒரு வழக்கமான காரணம். இன்னொன்று சினிமாப் பாட்டு. இரண்டு நிமிடம் பின்னணியில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை வாங்காமல் போட்டால் நிலையம் ஏற்காது, யூடியூபிலும் முடக்கப்படும். உள்ளூர் மிருதங்கக் கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பத்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஒரு சீசன் ஓடும்.

கையில் என்ன மிஞ்ச வேண்டும்

ஒவ்வொரு முறையும் வீடு வந்ததும் எழுதிவையுங்கள்: தேதி, நிகழ்ச்சி, பொறுப்பு, மணி நேரம், பயன்படுத்திய கருவியின் பெயர், நடந்த சிக்கல், அதைத் தீர்த்த விதம். நேர்முகத் தேர்வில் "ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்வி வராமல் இருக்காது, அப்போது இந்தக் குறிப்பேடுதான் பதில் தரும். ரெஸ்யூமேயில் இதைத் "தன்னார்வப் பணி" என்று கடைசியில் ஒதுக்காமல் அனுபவப் பகுதியிலேயே போடுங்கள். பக்கத்தில் தன்னார்வலர் என்று குறிப்பிட்டால் போதும். கேமரா அல்லது எடிட்டிங் வேலை தேடுபவர் தான் செய்த காட்சிகளை வைத்து 60 முதல் 90 விநாடிக்கு ஒரு வீடியோ தொகுப்பு செய்யுங்கள். சிறந்த காட்சி முதல் பத்து விநாடியில் வரட்டும்.

மூன்று மாதம் ஆனதும் ஒரு கணக்குப் போடுங்கள். இன்னும் கேபிளும் காபியும் மட்டுமே உங்கள் கையில் என்றால், அடுத்த பொறுப்பைக் கேளுங்கள். "அடுத்த பதிவில் ஃப்ளோர் மேனேஜர் பக்கத்தில் நின்று பழகலாமா?" என்று நாளும் வேலையும் குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகத் தர மாட்டார்கள், நம்மவர்கள் அடக்கமாக நின்றே வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டு முறை கேட்டும் நகராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வேறு குழுவுக்குப் போங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், தகுதியுள்ள குடியேறிகளுக்கு ஏ.எம்.இ.பி (AMEP) என்ற அரசின் ஆங்கில வகுப்பு இலவசம், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

ரெஃபரியாகப் போடும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் விளம்பரத்தின் நகலை அவருக்கு அனுப்பி, நீங்கள் செய்த மூன்று காரியங்களைத் தேதியோடு நினைவூட்டி, எந்த வாரத்தில் அழைப்பு வரலாம் என்றும் எழுதுங்கள். நூறு தன்னார்வலர்களைப் பார்த்த தயாரிப்பாளருக்கு மார்ச் மாதம் மைக் செத்தபோது மாற்று மைக்கோடு ஓடிவந்தவர் நீங்கள்தான் என்பது அந்த வரியைப் படித்தால்தான் ஞாபகம் வரும்.